நாலாம் வகுப்பில் பெய்த பனி

"பசை கூடாது, சாயம் கூடாது, காசு கூடாது" என்று ஹெட்மாஸ்டர் பிலோமின்ராஜ் விரல் மடக்கிச் சொன்னபோது, மூன்றாம் வகுப்பு சந்திரம்மாள் டீச்சர் கன்னத்தின் உட்புறத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்தால் அவள் அப்படித்தான் செய்வாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கன்னம் நிறையக் கடிபட்டிருந்தது.

உறையூரில் நெசவாளர் தெருக்களுக்கு நடுவே இருந்த அந்த மிஷன் ஆரம்பப் பள்ளியில் மொத்தம் ஐந்து வகுப்புகள். ஓட்டுக் கூரை, மூங்கில் தட்டி, ஒரு வேப்பமரம். அரைப் பரீட்சை முடிந்து, கிறிஸ்துமஸ் லீவு விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வகுப்பும் தன் அறையை அலங்கரிக்க வேண்டும் என்பது வழக்கம். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து மிஸஸ் பார்க்கர் என்ற வெள்ளைக்காரத் தோற்றமுள்ள அம்மாள் வந்து எல்லா அறைகளையும் சுற்றிப் பார்ப்பார். அவர் கணவர் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வகுப்பு நன்றாக இருக்கிறதோ அந்த வகுப்புக்கு, தன் கையால் சுட்ட பெரிய பிளம் கேக்கை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற வகுப்புகளுக்கு ஆரஞ்சு மிட்டாய்.

"போன வருஷம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

எல்லோரும் நாலாம் வகுப்பு வீரமலை சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

போன வருஷம் அவர் வகுப்பில் வண்ணக் காகிதச் சங்கிலி ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சினார்கள். மிஸஸ் பார்க்கர் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தபோது, தெருவில் போன இரண்டு வெள்ளாடுகள் பசை வாசனை பிடித்து உள்ளே வந்து, சங்கிலியை ஒரு முனையிலிருந்து தின்ன ஆரம்பித்தன. யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. சங்கிலி தீர்ந்ததும் ஓர் ஆடு அந்த அம்மாளின் தொப்பி ரிப்பனையும் இழுத்துத் தின்றது. பிறகு பொங்கல் வரைக்கும் சுவரெல்லாம் எறும்பு.

"அதனால இந்த வருஷம் கண்டிப்பா சொல்லிட்டேன். பிள்ளைங்க கையாலதான் செய்யணும். கடையில எதுவும் வாங்கக் கூடாது. முடிஞ்சதும் தரையில ஒரு துரும்பு கிடக்கக் கூடாது."

தரை என்று சொல்லும்போதே அவர் குரல் குழைந்தது. அந்த வருஷம்தான் எல்லா அறைகளுக்கும் சிவப்பு சிமெண்டுத் தரை போட்டிருந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு ஹெட்மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் மெதுவாக நடந்து பார்ப்பதை சந்திரம்மாள் ஒருநாள் பார்த்திருக்கிறாள்.

அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவள். மறுநாள் காலை, ராஜகோபுரத்துப் பக்கம் பூக்கடைகளில் கேட்டு வாழைநார் ஒரு கட்டும், வழியில் வெட்டிப் போட்டிருந்த தென்னங்குருத்து கொஞ்சமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் ஓலைக்கும் டிக்கெட் கேட்டார்.

"இதுவும் ஸ்கூலுக்குத்தாங்க போகுது. ஸ்டூடண்ட்" என்றாள்.

அன்றைக்கு மூன்றாம் வகுப்பு ஓலைக் கிளி மடித்தது. மடித்துச் செருகினால் போதும். கத்தரி வேண்டாம், பசை வேண்டாம். மத்தியானத்துக்குள் வாழைநாரில் வரிசையாகக் கிளிகள் தொங்கின. மூக்குக்குக் குன்றிமணி வைக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். கிளிகளுக்குக் கிறிஸ்துமஸில் என்ன வேலை என்று இன்னொருத்தி கேட்டாள். "மாட்டுத் தொழுவத்துல குழந்தை பிறந்தா கிளிக்குத் தெரியாம இருக்குமா?" என்று சந்திரம்மாள் சொன்னதும் வகுப்பு அதை ஒப்புக்கொண்டது.

மறுநாள் காலை நாலாம் வகுப்பில் ஓலைக் கிளிகள் தொங்கின. அவை இன்னும் பெரியவை. நடுவில் ஒரு மயில் வேறு.

"எங்க பசங்களுக்கு முந்தியே தோணிச்சு டீச்சர்" என்றார் வீரமலை. எண்ணெய் வழிய வாரிய அவர் தலை வெயிலில் மின்னியது. "உங்களுக்கும் தோணியிருக்கு பாருங்க. அதிசயம்தான்."

சந்திரம்மாள் கன்னத்தைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் இந்தத் தடவை கடித்தது சிரிப்புக்காக இல்லை.

அடுத்த யோசனை கமர் ஜஹானிடமிருந்து வந்தது. மூன்றாம் வகுப்பில் மிகவும் வாயாடியான பெண் அவள். அவள் அப்பா ஹனீஃபா தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்தார். காலி சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை அவள் ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினாள். கசங்கிய தாளை நகத்தால் நீவினால் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதை விசிறி மாதிரி மடித்து, நடுவில் நாரால் கட்டி, விரித்துவிட்டால் நட்சத்திரம். வகுப்பு முழுக்கப் புகையிலை வாசனை வந்தது. அதற்காக ஓர் ஊதுவத்தி ஏற்றிவைத்தார்கள்.

அன்றைக்கு வீரமலை சார் சாக்பீஸ் கடன் கேட்டு மூன்று தடவை வந்தார். வருகிறபோதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மறுநாள் கமர் ஜஹான் வெறும் பையோடு வந்தாள். மூக்கு விடைத்திருந்தது.

"டீச்சர், வீரமலை சார் எங்க அத்தாகிட்ட வந்து எல்லா காலி சிகரெட் பெட்டியையும் வாங்கிட்டுப் போயிட்டாரு. இனிமே வர்றதையும் அவருக்கே எடுத்து வைக்கச் சொல்லிட்டாரு."

"உங்க அத்தா ஏன் கொடுத்தாரு?"

"ஸ்கூலுக்குன்னு கேட்டாராம். அத்தாவுக்கு எந்த கிளாஸுன்னு தெரியுமா? ஸ்கூல்னா ஸ்கூல்தானே?"

பிள்ளைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ மேஜைமேல் சாக்பீஸை உருட்டிக்கொண்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைச் சின்ன வயசில் அவள் அம்மா பார்த்திருந்தால் உடனே அடுக்களையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பாள்.

மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்த் தலை ஒன்று தெரிந்ததும், சந்திரம்மாள் ரகசியம் பேசுகிற குரலில், ஆனால் வெளியே கேட்கிற அளவுக்கு, ஆரம்பித்தாள்.

"எல்லாரும் கிட்ட வாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நம்ம கிளாஸுல பனி பெய்ய வைக்கப் போறோம்."

"பனிதான் தினமும் காலையில பெய்யுதே டீச்சர்?" என்றது முன்வரிசை.

"இது அந்தப் பனி இல்ல. சீமைப் பனி. வெள்ளையா, பஞ்சு பஞ்சா, ஆகாசத்துலேர்ந்து மெதுவா இறங்கும். மரம், வீடு, ரோடு எல்லாம் வெள்ளையாப் போயிடும். கிறிஸ்துமஸ் அட்டையில பாத்திருக்கீங்கல்ல?"

பார்த்திருந்தார்கள். அது சுண்ணாம்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்கள்.

"இலவம் பஞ்சு வேணும். நெறய வேணும். உத்திரத்துல வேட்டியைத் தொட்டில் மாதிரி கட்டி, அதுக்குள்ள பஞ்சைப் போட்டுடணும். பார்க்கர் அம்மா உள்ள கால் வச்சதும் கயித்தை இழுத்தா, பொலபொலன்னு பனி கொட்டும். கேக் நமக்குத்தான்."

ஜன்னலில் தலை மறைந்தது. அன்றைக்கு அவர் சாக்பீஸ் கேட்கவே இல்லை.

சந்திரம்மாள் திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சிலர் அப்போதே உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப டீச்சர் பஞ்சு கொண்டு வரணும்?"

"யாரும் கொண்டு வர வேண்டாம். அது சும்மா சொன்னேன்."

"பொய்யா டீச்சர்?" என்றாள் கமர் ஜஹான்.

"பொய் இல்ல. ஒரு விளையாட்டு."

"அப்ப பனி பெய்யாதா?"

பெய்யாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பஞ்சு பறந்தால் அள்ள முடியாது, தரை பாழாகும், ஹெட்மாஸ்டர் வைவார் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். ஆனால் முகம் தொங்கிப் போயிற்று. வீரமலையைக் கவிழ்க்க விரித்த வலையில் முதலில் தன் வகுப்பே விழுந்துவிட்டதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அதை மறக்கடிக்கவே அவள் நிஜமான வேலையை அன்றைக்கே ஆரம்பித்தாள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தறி. அறுந்த நூல், கழித்துப் போட்ட நூல் எல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தறிக்குழிப் பக்கம் கிடக்கும். அதைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு ஈர்க்குச்சியைக் குறுக்கே வைத்து நடுவில் கட்டி, நூலை ஒவ்வொரு குச்சியாகச் சுற்றிக்கொண்டே போனால் நாலு மூலையும் விரிந்து வண்ண நட்சத்திரமாகும். நாலு சுற்றுக்கு ஒரு நிறம் மாற்றினால் கட்டம் கட்டமாக வரும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கமர் ஜஹானுக்குத்தான் முதலில் கை சிக்கியது. அவள் தன் விரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டாள்.

ஜன்னல் கதவைச் சாத்திவைத்துவிட்டு நான்கு நாட்கள் சுற்றினார்கள். ஈர்க்குச்சி தீரத் தீர வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். வீடுகளில் விளக்குமாறு இளைக்கிறது என்று அம்மாக்கள் காது திருகிய பிறகு, குச்சி எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து என்று சந்திரம்மாள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விழா நாளன்று காலை, நாலாம் வகுப்பைக் கடந்து போனபோது அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். உத்திரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு வேட்டி, நிறைமாதக்காரியின் வயிறு மாதிரி உப்பித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் நினைத்தது வேறு. ஒருநாள் கொஞ்சம் பஞ்சைப் பறக்கவிட்டுப் பார்ப்பார், மூக்கில் ஏறித் தும்முவார், நேரம் வீணாய்ப் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். மனிதர் ஒத்திகையே பார்க்காமல் நேராக மேடையேறிவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "இது வேண்டாம் சார். பஞ்சு பறந்தா ஹெட்மாஸ்டர் தாங்க மாட்டாரு. கழட்டிடுங்க."

வீரமலை புன்னகை செய்தார். அப்படிப்பட்ட புன்னகையை அவள் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை. அவ்வளவு நிம்மதி.

"வயித்தெரிச்சலா டீச்சர்? எங்களுக்கு முந்தித் தோணிடுச்சேன்னு?"

அவள் தன் வகுப்புக்குப் போய்விட்டாள்.

மிஸஸ் பார்க்கர் பூப்போட்ட கவுனும் ரிப்பன் இல்லாத தொப்பியுமாக வந்தார். பின்னால் ஹெட்மாஸ்டர், கையில் கேக் டப்பா. முதல் இரண்டு வகுப்புகளைப் பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குள் வந்தவர் அப்படியே நின்றார். தலைக்கு மேல் வாழைநாரில் நூல் நட்சத்திரங்கள் நிறைந்து, காற்றில் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தன. ஓலைக் கிளிகள் வாடி மஞ்சளாகிப் பொன்கிளிகள் மாதிரி நடுநடுவே தெரிந்தன.

"ரொம்ப பியூட்டிஃபுல் மேன்!" என்றார். "எல்லாம் இந்தக் குழந்தைங்களா?"

ஹெட்மாஸ்டர் மேலே பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு துரும்பு இல்லை. அவர் முகம் மலர்ந்து, டப்பாவை மூன்றாம் வகுப்பு மேஜைமேலேயே வைத்துவிடப் போனார்.

"இன்னும் ரெண்டு கிளாஸ் இருக்குங்க" என்று வாசலிலிருந்து வீரமலை கனைத்தார்.

எல்லோரும் நாலாம் வகுப்புக்குப் போனார்கள். சந்திரம்மாளும் போனாள். அவள் வகுப்பும் கூப்பிடாமலே பின்னால் வந்தது. மிஸஸ் பார்க்கர் வாசல்படி தாண்டியதும் வீரமலை கண்ணைக் காட்டினார். கயிற்றைப் பிடித்திருந்த காத்தமுத்து என்ற பையன் இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இழுத்தான். வேட்டி லேசாக ஆடியது. மிஸஸ் பார்க்கர் மரியாதைக்காகப் புன்னகை செய்தபடி காத்திருந்தார்.

"விடுடா" என்று வீரமலை கயிற்றை வாங்கி, ஒரு கிணற்றையே மேலே இழுத்துவிடுவதுபோல இழுத்தார்.

முடிச்சு அவிழ்ந்தது. பஞ்சு பொலபொலவென்று கொட்டவில்லை. வருஷக்கணக்காக ஆட்கள் தலை வைத்துப் படுத்த பஞ்சு அது. இரண்டு பெரிய கட்டியாக, தொம் தொம் என்று தரையில் விழுந்தது.

கட்டிகள் கிடந்தன. வீரமலையின் மீசைகூட இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. சந்திரம்மாளுக்கு, கன்னத்தைக் கடித்தும், தொண்டைக்குள் ஏதோ கிளுக்கென்றது.

அதோடு போயிருக்கும். ஆனால் காத்தமுத்துவுக்கு அவமானம் தாங்கவில்லை. ஓடிவந்து ஒரு கட்டியை எட்டி உதைத்தான். அதே சமயம் ஆற்றுப் பக்கமிருந்து மார்கழிக் காற்று ஜன்னல் வழியாக ஒரு வீச்சு வீசியது. கட்டி பிளந்தது. பஞ்சு எழுந்தது.

அறை முழுவதும் வெள்ளையாயிற்று. கூரை வரைக்கும் போய், ஓட்டில் முட்டி, மெதுவாக, மிக மெதுவாக, இறங்கியது. கரும்பலகைமேல், கிளிகள்மேல், மயில்மேல், ஈயத்தாள் நட்சத்திரங்கள்மேல், சிவப்புத் தரைமேல். வீரமலையின் எண்ணெய்த் தலையில் விழுந்தது அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிஷத்தில் அவருக்கு எண்பது வயசு ஆகிவிட்டது. ஹெட்மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய்க்குள் பஞ்சு போயிற்று.

"பனிடீ!" என்று கத்தினாள் கமர் ஜஹான்.

மூன்றாம் வகுப்பு முழுவதும் உள்ளே பாய்ந்தது. சந்திரம்மாள் கையை விரித்துத் தடுத்துப் பார்த்தாள். அக்குளுக்கடியில் நுழைந்து ஓடினார்கள். இன்னொரு கட்டியையும் பிய்த்து எறிந்தார்கள். தும்மலும் சிரிப்புமாகக் கூரை அதிர்ந்தது. ஹெட்மாஸ்டர் "சேசுவே, தரை! தரை!" என்று தும்மலுக்கு நடுவே அலறிக்கொண்டிருந்தார்.

மிஸஸ் பார்க்கர் மட்டும் நடு அறையில் கையை விரித்து, முகத்தை மேலே தூக்கி நின்றார். கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண்ணில் தண்ணீர். பஞ்சு விழுந்ததாலா வேறு எதனாலா என்று சந்திரம்மாளுக்குத் தெரியவில்லை.

"ஹெட்மாஸ்டர், நான் பொன்மலையிலே பிறந்தவள்" என்றார். "எங்க வீட்டுல எப்பவும் ஸ்னோ, ஸ்னோன்னு பேசுவாங்க. கார்டுல ஸ்னோ, பாட்டுல ஸ்னோ. இந்த வயசு வரைக்கும் நான் ஸ்னோ பாத்ததே இல்ல மேன். இன்னைக்குத்தான் பாத்தேன்." ஐந்தாம் வகுப்பைப் பார்க்கும்வரைகூடக் காத்திராமல், டப்பாவை ஹெட்மாஸ்டர் கையிலிருந்து வாங்கி வீரமலையிடம் நீட்டினார். "கேக் உங்களுக்கு."

வெள்ளைத் தலை வீரமலை நெஞ்சை நிமிர்த்தினார். நாலாம் வகுப்பு கூச்சல் போட்டது.

கமர் ஜஹானுக்கு அது பொறுக்கவில்லை.

"அது எங்க டீச்சர் சொன்னது! சார் ஜன்னல்ல நின்னு ஒட்டுக் கேட்டாரு! எங்க டீச்சர் வேணும்னே பொய்யா சொன்னாங்க, சார் ஏமாறட்டும்னு!"

அறை சட்டென்று அடங்கியது. பஞ்சு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் முதலில் வீரமலையைப் பார்த்தார். பிறகு சந்திரம்மாளைப் பார்த்தார்.

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"காத்துல வந்து காதுல விழுந்துச்சு சார்" என்றார் வீரமலை. பிறகுதான் மீதி வார்த்தை அவருக்கு உறைத்தது. "ஏமாறட்டும்னா? டீச்சர், அப்ப நீங்க...?"

"நான் காலையிலயே கழட்டிடச் சொன்னேனே சார்" என்றாள் சந்திரம்மாள். குரல் தரையைப் பார்த்துப் போயிற்று.

"ஏமாத்தினது நெஜமா, இல்லையா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

அவள் தலை குனிந்தாள். கன்னம் மட்டும் குழிந்து கிடந்தது. மிஸஸ் பார்க்கர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கூட்டுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். "தரை பழையபடி ஆகுற வரைக்கும் கேக் டப்பா என் மேஜையில இருக்கும். காத்தமுத்து, விளக்குமாத்தை எடுத்துட்டு வா."

காத்தமுத்து போய்க் கொண்டுவந்தான். அதை விளக்குமாறு என்று சொல்ல முடியாது. கட்டிய கயிறும், அதற்குள் ஏழெட்டுக் குச்சியும் இருந்தன. ஹெட்மாஸ்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சுவருக்கு அந்தப்புறம் மூன்றாம் வகுப்பில் தொங்கும் நட்சத்திரங்கள் அவர் நினைவுக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. மூன்றாம் வகுப்பு ஒட்டுமொத்தமாகத் தன் கால் விரல்களைப் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணு வாசலில் வந்து நின்றாள். வீடு பக்கத்துத் தெருவில். இரண்டு கையிலும் இரண்டு வெறும் தலையணை உறைகள் தொங்கின.

"ஏங்க" என்றாள். "இதுக்குள்ள இருந்தது எங்கங்க?"

வீரமலை கரும்பலகைக்குப் பின்னால் போக ஓரடி எடுத்து வைத்தார். பலகை சிறியது, அவர் பெரியவர்.

"வையம்பட்டியில எங்கப்பா தோட்டத்து மரத்துப் பஞ்சு. எங்கம்மா கொட்டையெடுத்துக் கல்யாணத்துக்கு அடைச்சுக் கொடுத்தது. ராத்திரியெல்லாம் வெறும் பலகையில தலை வச்சுப் படுத்தேன். கேட்டா, 'வெயில்ல போட்டிருக்கேன், நல்லா உப்பி வரும்'னு சொன்னீங்களே?"

"நல்லாத்தான் உப்பி வந்துச்சு" என்றார் வீரமலை.

அவள் அறையைப் பார்த்தாள், கணவனின் தலையைப் பார்த்தாள், வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்தாள். உதட்டோரம் துடித்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள்.

"ஒரு இழை வீணாகக் கூடாது. ஜன்னலைச் சாத்துங்க. யாரும் கூட்டாதீங்க. எல்லாம் உக்காந்து கையால பொறுக்குங்க."

அப்படியே செய்தார்கள். நாற்பது ஐம்பது பிள்ளைகள் சிவப்புத் தரையில் தவழ்ந்து பஞ்சு பொறுக்கினார்கள். அள்ளிய பஞ்சு உறைக்குள் போவதும், காத்தமுத்து தும்மினால் திரும்பி வெளியே வருவதுமாக இருந்தது. வீரமலையின் தலைப் பஞ்சை வள்ளிக்கண்ணுவே பிய்த்தாள். கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தது. அவர் முனகினார். அவள் நிறுத்தவில்லை.

சந்திரம்மாள் மேஜைக்கடியில் தவழ்ந்து போனபோது எதிரில் அவர் தவழ்ந்து வந்தார்.

"டீச்சர், வேணும்னே சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"எல்லாமே பொய்யா?"

"கேக் கிடைக்கும்னு சொன்னது பொய்யில்லையே."

அவர் மீசையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "மயில் மட்டும் நானே யோசிச்சதுங்க. அதை யார்கிட்டயாவது சொல்லுங்க" என்றார். அவள் இந்தத் தடவை கன்னத்தைக் கடிக்க மறந்துவிட்டாள். மேஜைக்கடியிலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒரு மூலையில் முட்டி போட்டுத் தன் தரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேக்கை மிஸஸ் பார்க்கரே வெட்டினார், இரண்டு வகுப்புக்கும் சமமாக. கறுப்பாக, கனமாக, உலர்ந்த பழங்களும் ஆரஞ்சுத் தோலும் இழைந்து கிடந்தது. மேலே இரண்டொரு இழை பஞ்சு. கமர் ஜஹான் ஒரு வாய் கடித்து, அப்படியே நிறுத்தி, டீச்சரைப் பார்த்தாள்.

"கசக்குது டீச்சர்."

அந்தத் தோல் அப்படித்தான் கசக்கும், அதுதான் ருசி என்று சந்திரம்மாள் சொன்னாள். யாரும் நம்பவில்லை. மிஸஸ் பார்க்கரின் டாக்ஸி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் கேக் துண்டுகளோடு மற்ற வகுப்புகளுக்கு ஓடி, ஆரஞ்சு மிட்டாய்க்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். முதலில் ஒரு துண்டுக்கு மூன்று மிட்டாய் கிடைத்தது. ருசி தெரிந்த பிறகு ஒன்றுதான் கிடைத்தது. கமர் ஜஹான் முதலிலேயே மாற்றியிருந்தாள்.

சாயங்காலம் சந்திரம்மாள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள். முழங்கால் வலித்தது. மூக்கு இன்னும் அரித்தது. ஹெட்மாஸ்டர் லீவு முடிந்து வரும்போது கையோடு ஒரு புது விளக்குமாறு கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதை நினைத்து அவளுக்குக் கோபம் வரவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்துக் கையை விரித்து நின்ற அந்த அம்மாளின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. தான் நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. காவிரிப் பாலம் வந்ததும் தீர்மானிப்பதை விட்டுவிட்டாள்.

பக்கத்து சீட்டில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"தலையில என்னம்மா, வெள்ளை வெள்ளையா?"

சந்திரம்மாள் கொண்டையைத் தடவிப் பார்த்தாள். விரலில் ஓர் இழை வந்தது.

"பனிங்க."

"எங்க பெய்யுது?"

"உறையூர்ல."

அந்த அம்மாள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, தலையாட்டிக்கொண்டாள்.

"பெய்யும், பெய்யும். மார்கழி மாசமில்ல? முக்காடு போட்டுக்கம்மா, சளி பிடிச்சுக்கும்."

சந்திரம்மாள் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள்.